அருணகிரி எந்தத் தோட்டம்?

போன மாதம் எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பிரதிநிதி ஒருவர் ஹட்டனில் என் வீட்டுக்கு வந்தார். கையில் பழப் பை, முகத்தில் மரியாதை, எல்லாம் முறைப்படி இருந்தது. டயகமப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தாராம். அங்கே கொழுந்தெடுக்கும் பெண்கள், "அருணகிரிக்கு வேல வாங்கிக் குடுத்தாரே ஒரு அய்யா, அவரு சொகமா இருக்காரா?" என்று என்னை விசாரித்தார்களாம். சங்கத்தின் பழைய உறுப்பினர்களில் அருணகிரி என்று யாரும் இல்லை, அவர் எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று தெரிந்துகொண்டு போக வந்திருந்தார்.

அருணகிரிக்குத் தோட்டமும் கிடையாது, டிவிசனும் கிடையாது. அவன் ஒரு பழைய நாவலில் வருகிறவன். ஆனால் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது உண்மைதான். இதை நான் சொன்னதும் வந்தவர் என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "அது உண்மைதாங்க தம்பி, நெரந்தர வேலதான் வாங்கிக் குடுத்தாரு" என்றாள். அதன்பிறகு அவர் பழப் பையைக்கூட மறந்து வாசலில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது தோட்ட விசாரணைகளைக் கொழும்பிலிருந்தே திரையில் நடத்துகிறார்களாம். குற்றம் சாட்டப்பட்டவர் கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்து, சிக்னல் போனால் எழுந்து மேட்டுக்கு ஓடி, அங்கே நின்று பதில் சொல்கிறாராம். அந்த விசாரணைக்கு ஜன்னல் இல்லை. எங்கள் காலத்தில் விசாரணையே ஜன்னலில்தான் நடந்தது. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

நான் சங்கத்தில் சேர்ந்தது முத்திரை ஒட்டுகிறவனாக. முத்திரை ஒட்டினேன், கூட்டத்துக்குக் கதிரை போட்டேன், மே தினத்துக்குக் கொடி கட்டினேன், பிறகு ஒருநாள் பிரதிநிதி ஆகிவிட்டேன். நடுவில் படிப்பித்தது யாருமில்லை. மாவட்டச் செயலாளர் ஆசீர்வாதம் ஐயா என்னைத் தன் பின்னால் நடக்கவிட்டார், அவ்வளவுதான்.

ஐயா விசாரணைக்குப் போகும் அழகைச் சொல்லியாக வேண்டும். தோட்ட ஆபிசுக்குள் நுழைந்ததும் தனக்குப் போட்ட கதிரையை ஆட்டிப் பார்ப்பார். அது ஆடினால் வேறு கதிரை கேட்பார், ஆடாவிட்டாலும் வேறு கேட்பார். கிளாக்கர்மார் ஒவ்வொன்றாகக் கொண்டுவருவார்கள். கடைசியில் தோட்டத்தை நடத்தும் துரையே எழுந்து தன் கதிரையைத் தள்ளிவிடுவார். அதில் சாவகாசமாக உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "தவணை வேணும்" என்பார். அன்றைக்கு விசாரணை அத்தோடு முடிந்தது. அடுத்த தவணையில் குற்றத்தை மறுக்கவே மாட்டார். ஆள் எங்கே பிறந்தான், யார் வளர்த்தார்கள், என்ன சாப்பிட்டான் என்று தொடங்குவார். துரை கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது ஐயா இன்னும் அந்த ஆளுக்குப் பால்பல் விழுகிற கட்டத்தில் இருப்பார்.

இந்த வித்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று சங்கக் காரியாலயத்து அலுமாரியைத் திறந்தபோது தெரிந்தது. மூடிப்போன வாசிகசாலை ஒன்றின் புத்தகங்களை அதில் அடுக்கியிருந்தார்கள். கீழ்த்தட்டில் சட்டப் புத்தகங்கள், மேல்தட்டில் நாவல்கள். எலிகள் சட்டத்தை முழுவதும் தின்றுவிட்டு நாவல்களை ஏனோ தொடாமல் விட்டிருந்தன. ஆகவே எங்கள் மாவட்டத்தில் தொழிற்சட்டம் நாவல்களைக் கொண்டே நடந்தது.

அந்தப் பழைய நாவல்களை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவற்றில் ஒருத்தன் நேரடியாகத் திருட மாட்டான். அவன் பிறந்த ஊர் வரும், வீடு வரும், அப்பாவின் சூதாட்டம் வரும், ஊரார் பேச்சு வரும். இத்தனையும் வந்தபிறகு அவன் திருடும்போது நமக்கே 'சரி, எடுத்துக்கொள்' என்று தோன்றிவிடும். இன்னொன்றையும் கவனித்தேன். பண்ணையார் தப்புச் செய்தால் அது அவர் குணம் என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். பண்ணையாள் செய்தால்தான் வளர்ப்பு, சமூகம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். பணம் இருப்பவனுக்குக் குணம், இல்லாதவனுக்கு வளர்ப்பு. இது எனக்குக் கோபத்தைத் தந்தது, தொழிலுக்கோ நல்ல உதவியாக இருந்தது.

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், தொட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிய காவல்காரர் ஒருவருக்காக முதலில் இந்த வளர்ப்பு வாதத்தை எடுத்தேன். சிறு வயதில் தொட்டிலே காணாத மனிதர் என்று வாதாடினேன். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். றொசல்லப் பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் தராசை உதைத்த ஒருவருக்காக, தகப்பன் இல்லாத பிள்ளையின் மனதைப் பற்றிப் பேசினேன். விசாரணை அதிகாரி நடுவில் எழுந்து வெளியே போய்த் தன் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். இன்னொரு தடவை என் பேச்சைக் கேட்டுக் குற்றவாளியே தேம்பி அழுது, யாரும் கேட்காத வேறு இரண்டு குற்றங்களையும் ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கு வேலை போய்விட்டது. அதன்பிறகு நான் பேசும்போது காதில் வாங்காமல் இருக்கும்படி என் ஆட்களிடம் சொல்லிவிடுவேன்.

இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலத்தில்தான் செல்லமுத்துவின் வழக்கு வந்தது.

செல்லமுத்து டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்தவர். நாற்பதைத் தாண்டியவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். ஒரு மழைக்காலத்தில் பெரிய துரை அவரிடம், காலையில் தன் மழைக்கோட்டையும் தொப்பியையும் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பெரட்டு என்பது அன்றன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டம். தொழிலாளர் வரிசையாக நிற்க, யார் எந்த மலைக்கு என்று துரை சொல்வார். மலை என்றால் தேயிலை நட்ட நிலத்துண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு.

அன்று காலை கொட்டுகிற மழை. கோட்டைக் கையில் கொண்டுபோனால் கோட்டும் நனையும், தானும் நனைய வேண்டும். போட்டுக்கொண்டு போனால் கோட்டு மட்டும்தான் நனையும். செல்லமுத்து போட்டுக்கொண்டார். தொப்பியை வைக்க வேறு இடம் இல்லாததால் தலையில் வைத்துக்கொண்டார். பெரிய துரையின் ஜீப் வளைவில் சேற்றில் புதைந்திருந்தது. அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சின்ன துரை பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். பெரட்டுக்களத்தில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாத பனி மூட்டம். அதற்குள்ளிருந்து கோட்டும் தொப்பியுமாக ஒரு உருவம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சலாம் போட்டு, "எந்த மலைங்க தொரை?" என்று கேட்டார்.

செல்லமுத்து, "ஏழாம் நம்பருக்குப் போங்க" என்றார். எல்லோரும் போய்விட்டார்கள்.

ஏழாம் நம்பர் மலை ரோட்டோரம் இருந்தது. மறுநாள் வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குகிறவர்கள் வருவதாக இருந்தார்கள். அவர்கள் படம் எடுப்பதற்காகத் தளதளவென்று தெரியட்டும் என்று அந்த மலையைக் கை வைக்காமல் விட்டுவைத்து, பெண்களைத் தூரத்துச் செங்குத்து மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது நிர்வாகம். வந்தவர்கள் பார்த்தபோது ஏழாம் நம்பர் மொட்டையாக இருந்தது. அவர்கள் பனியைப் படமெடுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் போனார்கள். பெரிய துரைக்கு அது ஆறவில்லை. ஆள்மாறாட்டம் செய்து நிர்வாகத்தை அவமதித்ததாகக் குற்றம் சாட்டி, விசாரணை முடியும்வரை செல்லமுத்துவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்.

வேலை போனால், தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில் இருக்கும் காம்பராவும் போகும். அது செல்லமுத்துவின் பெயரில் இருந்தது. அதில் அவரோடு இருந்தது அவர் தாய் ராமாயி அம்மா மட்டும். ஆயுள் முழுவதும் அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து, இடையில் சில வருடம் பங்களாவில் ஆயாவாக இருந்து, ஓய்வு பெற்றவர். அவருக்கு அந்த ஒரு கூரையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

நான் லயத்தில் பழைய ஆட்களிடம் விசாரித்தேன். கிடைத்த செய்தியைக் கேட்டு எனக்கு உட்கார முடியவில்லை. ராமாயி அம்மா ஆயாவாக இருந்தபோது குழந்தை செல்லமுத்துவையும் கூட்டிப் போவாராம். விருந்து நாட்களில் அந்தக் காலத்துத் துரை, தன் மகனின் பழைய கோட்டையும் தொப்பியையும் செல்லமுத்துவுக்கு மாட்டி, முக்காலியில் ஏற்றிப் பெரட்டு நடத்தச் சொல்வாராம். பிள்ளை மழலையில் மலை மலையாகப் பிரித்துக் கொடுக்க, விருந்தாளிகள் சிரித்துக் கைதட்டி கேக் கொடுப்பார்களாம்.

இது அப்படியே அருணகிரியின் கதை. எங்கள் அலுமாரி நாவலில் அருணகிரி வெள்ளத்தில் தாய் தகப்பனை இழந்து, பெரிய வீட்டு அடுக்களையில் சமையற்காரி கையில் வளர்கிறான். எசமான் காசிக்குப் போன சமயம் அவருடைய பட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்து குடியானவர்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறான். எசமான் திரும்பி வந்து தூணில் கட்டி அடிக்கிறார். அவன் களஞ்சியத்துக்குத் தீ வைத்துவிட்டு ஓடுகிறான். வளர்ப்பும் சமூகமும் ஒருவனை எப்படிச் செய்கின்றன என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வழக்கு பாதி வென்றாகிவிட்டது என்று நினைத்தேன்.

செல்லமுத்து மட்டும் ஒப்பவில்லை. "எங்கம்மா வளப்பப் பத்தி மட்டும் பேசாதீங்க அய்யா" என்றார். வளர்ப்பு என்றால் அம்மா இல்லை, சூழ்நிலை என்று விளக்கினேன். "எங்க ஊட்டுல ரெண்டும் ஒன்னுதாங்க" என்றார். காதில் வாங்காமல் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு அதிகாரியாக வந்தவர் வேறு பகுதியில் துரையாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். சிங்களவர், பெரட்டுக்களத்தில் பழகிய தமிழை நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. கம்பனிப் பக்கம் பேசக் கொழும்பிலிருந்து மனிதவள அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பிரசாந்த் என்று பெயர். நம் பிள்ளைதான், தலவாக்கலைப் பக்கத்தில் படித்து வளர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் தமிழை விசேட பாடமாகச் செய்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு நாவலைக் கொண்டுபோயிருப்பேன்.

நான் ஐயாவின் முறைப்படி கதிரையை ஆட்டிப் பார்த்தேன். அது பிளாஸ்டிக் கதிரை, எல்லாமே அதேதான், மாற்றிக் கேட்டும் புண்ணியமில்லை. முதல் சாட்சி கணக்கப்பிள்ளை. வந்தது துரை இல்லை என்பது எப்போது தெரிந்தது என்று அதிகாரி கேட்டார்.

"ஏழாம் நம்பர்னு சொன்னப்ப தொரைதான்னு நெனச்சேங்க. பொறவு, 'மழையா இருக்கு, பாத்துப் போங்க'ன்னாரு. அப்பதாங்க சந்தேகம் வந்துச்சு."

ஏன் உடனே தடுக்கவில்லை என்று கேட்டதற்கு, அதற்குள் எல்லோரும் சந்தோஷமாக இறங்கிப் போய்விட்டார்கள் என்றார்.

பிறகு நான் எழுந்தேன். முக்காலியைச் சொன்னேன், கேக்கைச் சொன்னேன், அருணகிரியைச் சொன்னேன். கோட்டைப் போட்டுக்கொண்டு பெரட்டு நடத்தப் பழக்கியது இந்தப் பங்களாதான், பழக்கிய வேலையைச் செய்ததற்காக ஒருவரை எப்படித் தண்டிப்பது என்று கேட்டேன். எனக்கே என் பேச்சு மிகவும் பிடித்திருந்தது.

பிரசாந்த் எழுந்து, "சேர், பிரதிநிதி அய்யா பாதிக் கதைதான் சொல்றாங்க" என்றார். "அதே அடுக்களையில, அதே சமையக்காரி கையால, சாம்பசிவம்னு இன்னொருத்தனும் வளந்தான். அவன் துண்டையும் எடுக்கல, தீயும் வைக்கல. நாலு ஊரு மதிக்கிற கணக்குப்பிள்ளையா ஆனான். வளப்புதான் காரணம்னா ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆகியிருக்கணுமே?"

சாம்பசிவத்தை நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். அவன் எசமானின் சொந்த ஊர், சொந்தச் சாதி, ஊர் அவனை நடத்திய விதமே வேறு என்று மறுத்தேன். அது ஆறாம் அத்தியாயத்திலிருந்து மாறுகிறது என்றார் பிரசாந்த். இல்லை, நாலாம் அத்தியாயத்திலேயே தொடங்கிவிட்டது என்றேன். பெரிய துரை சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதிகாரி கையை உயர்த்தி, இந்த அருணகிரியின் விஷயம் முழுதாகத் தெரியாமல் தன்னால் முடிவு சொல்ல முடியாது, தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள் என்றார்.

ஆகவே நானும் பிரசாந்தும் சேர்ந்து நாவலைச் சொல்லத் தொடங்கினோம். நான் ஓர் அத்தியாயம், அவர் அதற்குத் திருத்தம். நேரம் போதாமல் தவணை போட்டார்கள். இரண்டாம் தவணையில் ஆபிஸ் ஜன்னலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடும் மழைக்குப் போர்த்திய படங்கோடும் பெண்கள் வந்து நின்றார்கள். பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர்கள் சொல்லி அனுப்ப, கதை ஆபிஸ் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போகும்போது கொஞ்சம் வேறாகிவிடும். சாம்பசிவத்துக்கும் அருணகிரிக்கும் ஒரே அளவில்தான் சோறு போட்டார்களா என்று ஜன்னலிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அதிகாரி அதை எங்களிடம் கேட்டார். நாவலில் அதைப் பற்றி இல்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். அந்த விசாரணையில் நாங்கள் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அது.

அதற்குள் தோட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேட்டுப் பிரிவான மேக்கணக்கு அருணகிரி பக்கம், பள்ளத்துப் பிரிவான கீழ்க்கணக்கு சாம்பசிவம் பக்கம். தண்ணீர்ப் பீலியில் இதற்காகச் சண்டை வந்து குடம் நசுங்கியதாகச் சொன்னார்கள். சாம்பசிவம் நிர்வாகத்துக்கு வேலை செய்கிறவன் என்று எங்கள் சங்கத்தின் தோட்டத் தலைவர் கூட்டத்தில் கண்டித்தார். எசமானின் மகள் வடிவுக்கு யாரோடு கலியாணம் என்று அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒழுங்கு முறை இருக்கிறது, தவணையில்தான் சொல்ல முடியும் என்றேன்.

இத்தனைக்கும் நடுவில் செல்லமுத்து என்ற ஒருவரை எல்லோரும் மறந்துவிட்டோம். அவர் சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் காம்பராவைக் காலிசெய்யத் தயாராக இருக்கும்படி அவர் வீட்டுக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ராமாயி அம்மா ஒவ்வொரு தவணையிலும் ஜன்னலின் ஓரத்தில் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தவணையில் கதை முடிவுக்கு வந்தது. நாவலின் கடைசியில் அருணகிரி ஒரு சத்திரத்துத் திண்ணையில் அனாதையாகச் செத்துப்போகிறான். நான், "அப்புறம் அருணகிரி ஓடி ஓடி..." என்று தொடங்கியபோது ஜன்னலில் ஒரு சத்தமும் இல்லை. கூடை உரசுகிற ஒலிகூட இல்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன், அந்த முகங்களைப் பார்த்தேன். பிறகு பிரசாந்தைப் பார்த்தேன். அவரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடிப் போயி, ஒரு தூரத்து ஊருல வேலைக்குச் சேந்துட்டான்" என்றேன்.

அதிகாரி, "அன்றாடக் கைக்காசுக்கா, நிரந்தரமா?" என்று கேட்டார்.

"நிரந்தரம் சேர்" என்றார் பிரசாந்த்.

வெளியே மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கீழ்க்கணக்குப் பெண்களும் சிரித்தார்கள். செத்தவனுக்கு நிரந்தர வேலை வாங்கிக் கொடுத்தது இப்படித்தான். நாவலை எழுதிய பெரியவருக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தால் சொல்லிக்கொள்கிறேன்.

இனி மிச்சம் என் கடைசிச் சாட்சி. ராமாயி அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் நாளே அவரிடம் போய்ச் சொல்லி வைத்திருந்தேன்: வேலைக்கு நடுவில் பிள்ளையைக் கவனிக்க முடியவில்லை, பங்களாதான் அவனை இப்படி ஆக்கிவிட்டது என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், வேலையும் காம்பராவும் தப்பிவிடும். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உள்ளே வந்து, கதிரையில் உட்காராமல், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். செல்லமுத்துவை யார் வளர்த்தது, பங்களா அதற்கு எவ்வளவு பொறுப்பு என்று நான் கேட்டேன்.

"அத அப்புறமா சொல்றேங்க. மொதல்ல, அந்தச் சமையக்காரியப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசினது சரியில்லீங்க" என்றார்.

எந்தச் சமையற்காரி என்று அதிகாரி விழித்தார். அருணகிரியை வளர்த்தவள் என்று பிரசாந்த் மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"அவதாங்க. வெள்ளத்துல வந்த புள்ளய தூக்கியாந்து, தான் திங்கிற சோத்துல பாதியக் குடுத்து வளத்தவ. மூனு நாளா வளப்பு சரியில்ல, வளப்பு சரியில்லன்னு சொல்றீங்க. அவ இங்க இல்ல, அவளுக்குப் பேச ஒரு பெரதிநிதியும் இல்ல. அவ என்ன கொற வச்சா?"

நானும் பிரசாந்தும் தலையைக் குனிந்துகொண்டோம். நாற்பது தடவை படித்த நாவலில் அந்தச் சமையற்காரிக்கு ஒரு பெயராவது இருந்ததா என்று எனக்கு நினைவு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

"எம்புள்ளய நான்தாங்க வளத்தேன், பங்களா வளக்கல" என்றார் ராமாயி அம்மா.

என் வழக்கு அந்த இடத்தில் செத்தது. பெரிய துரையின் முகம் மலர்ந்தது. அவர் சார்பில் பிரசாந்த் கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டார். அப்படியானால் உங்கள் மகன் செய்த குற்றத்துக்கு அவரேதானே பொறுப்பு என்றார். அம்மா மகனைப் பார்த்தார். காம்பராவை நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கோட்ட மாட்டி முக்காலில ஏத்திவிட்டது பங்களா. நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஒன்னுஞ்சொல்ல முடியாது. ஊட்டுக்கு வந்தப்பறம் சொன்னேன், தம்பி, நீ தொரையா இருந்தா, மழ பேஞ்சா, பாத்துப் போங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும்னு. அந்தக் கணக்கப்புள்ள அய்யாவ கேளுங்க, சொன்னானா இல்லியா? கோட்டு அவங்க குடுத்தது. அந்த வார்த்த நான் குடுத்தது. குத்தம்னா எழுதிக்கோங்க."

செல்லமுத்து முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கியது, அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. அத்தனை வருடம் எத்தனையோ பேருக்காகப் பேசியிருக்கிறேன். எல்லாப் பேச்சிலும் ஒரு தாயைக் குற்றவாளியாக்கித்தான் பிள்ளையை விடுவித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதிகாரி பிறகு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, படம் எடுக்கிற விஷயத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள், அன்றைக்குக் கொழுந்தெடுக்க வேண்டிய மலை எது என்று கேட்டார். கணக்கப்பிள்ளை பெரிய துரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஏழாம் நம்பர்தான், முற்றிக்கொண்டிருந்தது என்றார். தொழிலாளி அனுமதியில்லாமல் கோட்டுப் போட்டது தவறு, வேலையிலிருந்து நிறுத்திவைத்த காலமே அதற்குத் தண்டனை, இனி பங்களாவில் வேண்டாம், மலை வேலைக்குப் போகட்டும் என்று அதிகாரி முடித்தார். எழுந்து போகும்போது என் காதருகில் குனிந்து, வடிவு சாம்பசிவத்தைக் கட்டியது தனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்றார்.

வேலை திரும்பக் கிடைத்தவரை முதல் நாள் பெரட்டுக்குப் பிரதிநிதியே கூட்டிக்கொண்டு போய் விடுவது எங்கள் சங்கத்து வழக்கம். பெயர் கூப்பிடாமல் விட்டுவிட்டால் கேட்பதற்கு ஆள் வேண்டும். ஆகவே நானும் போனேன். அன்றைக்கும் மழைதான். செல்லமுத்து படங்கைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார். ராமாயி அம்மா, காம்பரா பறிபோகவில்லை என்பதைத் தன் கண்ணால் உறுதிப்படுத்திக்கொள்ள வந்தவர்போல, களத்தின் ஓரத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

சின்ன துரை வந்தார். அன்று ஜீப்பைத் தள்ளியவர்தான். இருபத்தைந்து வயது இருக்கும், வேலைக்குப் புதியவர். செல்லமுத்துவின் பெயரைச் சரியாகக் கூப்பிட்டார். மலைகளைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவரும் அசையவில்லை.

அவர் திரும்பவும் சொன்னார். பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றார்கள். கோபமில்லை, கோஷமில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போல நின்றார்கள். வேலைநிறுத்தம் என்றால் எனக்கு முதலில் சொல்லியிருப்பார்கள். சின்ன துரை என்னைப் பார்த்தார், நான் சத்தியமாக எனக்குத் தெரியாது என்று கையை விரித்தேன். கடைசியில் கணக்கப்பிள்ளை போய் அவர் காதில் ஏதோ சொன்னார். சின்ன துரையின் முகம் சிவந்தது. காலைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"மழையா இருக்கு" என்றார். பிறகு, மிகவும் மெதுவாக, "பாத்துப் போங்க."

எல்லோரும் போனார்கள். செல்லமுத்துவும் அவர்களோடு இறங்கிப் போனார்.

நான் ராமாயி அம்மாவிடம் விடைபெறப் போனேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு தனியாக நின்ற சின்ன துரையையே கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோசமில்லீங்க" என்றார். "வளத்துக்கலாம்."